குருதியில் வகை உண்டு, இனம் இல்லை

குருதியிழந்து உயிருக்குப் போராடுவோரைப் பிறர் குருதியைச் செலுத்திக் காக்கலாம் என்பதை மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. ஆயினும், கொடையாகப் பெற்ற குருதி சில நாள்களில் கெட்டுவிடும். பெறுபவரின் குருதி வகையோடு அது பொருந்தவும் வேண்டும். இத்தடைகளைக் கடக்க வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ரிச்சர்ட் ட்ரூ.

அவர் 1904ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். கறுப்பின மாணவர்க்கு இடமளித்த மருத்துவக் கல்லூரிகள் அந்நாளில் அமெரிக்காவில் மிகச் சிலவே. எனவே, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்று 1933இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குருதியைச் சேமிக்கும் முறைகளை ஆராய்ந்து 1940இல் முனைவரானார்.

குருதியிலிருந்து அணுக்களை நீக்கினால் எஞ்சும் வெளிர்மஞ்சள் நீர்மம் பிளாஸ்மா ஆகும். அது நெடுநாள் கெடாதது. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்தால், குருதி வகை பாராமலே செலுத்தலாம். உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் அதில் இல்லை. எனினும், குருதியிழப்பால் வற்றிய நாளங்களை நிரப்பி, உரிய சிகிச்சை கிடைக்கும்வரை உயிரைத் தாங்கி நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன்மீது ஜெர்மனி குண்டுமழை பொழிந்தபோது, அந்நாட்டிற்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டம் 1940இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஒரு புட்டியில் கிருமி புகுந்தாலும் அதனுடன் கலந்தவை அனைத்தும் பாழாகும். ஆதலால், எல்லா மருத்துவமனைகளும் ஒரே சீரான தூய்மை முறையைப் பின்பற்றுமாறு ட்ரூ ஒழுங்குபடுத்தினார். 1941 சனவரிக்குள் ஏறத்தாழ 14,500 பேர் குருதி வழங்கினர். 5,000 லிட்டருக்கும் மேற்பட்ட பிளாஸ்மா கடல் கடந்து சென்றது. அடுத்த மாதமே அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குருதி வங்கிக்கு அவர் இயக்குநரானார்.

ஆனால், கறுப்பினத்தவரின் குருதியைப் படைவீரர்க்கு ஏற்கலாகாது என்று அமெரிக்கப் படைத்துறை விதித்தது. 1942இல் அதனை ஏற்க இசைந்தபோதும், தனியே பிரித்து வைக்கச் செய்தது. குருதியில் வகைகள் உண்டேயன்றி இன வேறுபாடு இல்லை என்பதை அறிவியல் துணைகொண்டு ட்ரூ வெளிப்படையாக வலியுறுத்தினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி, கறுப்பின இளைஞர் பலரை அறுவை மருத்துவர்களாக உருவாக்கினார்.

1950 ஏப்ரல் முதல் நாள் நேர்ந்த வாகன விபத்தில் அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டின் இறுதியில்தான் செஞ்சிலுவைச் சங்கம் குருதியை இனவாரியாகப் பிரிப்பதைக் கைவிட்டது.

பிளாஸ்மாவால் இயலாத பணியாகிய உயிர்வளி சுமத்தலையும் செய்யவல்ல செயற்கைக் குருதியை அறிவியல் இன்றும் தேடி வருகிறது. அது கைகூடும் நாள்வரை, ஒருவர் உயிரை மற்றொருவர் குருதியே காக்கிறது. அதனை வழங்கியவர் எவ்வினத்தவர் என எந்த உடலும் கேட்பதில்லை.