ஆராய்ந்து கற்ற இராமானுஜன்

பொறிகளாலும் மனத்தாலும் பெறும் மதிஞானம் நான்கு படிகளில் முதிர்வதாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. பொருளை முதலில் பற்றுதல் அவக்கிரகம். அதன் இயல்பை ஆராய விழைதல் ஈஹை. இன்னதென்று துணிதல் அவாயம். துணிந்ததை மறவாது நெஞ்சில் இருத்துதல் தாரணை. ஆராய்வும் துணிவும் முந்தாமல் தாரணை இல்லை. இவ்வுண்மையைக் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் வாழ்விலும் நாம் காண்கிறோம்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவருக்கு, 1903இல் ஜி. எஸ். கார் என்பார் தொகுத்த கணித நூல் கிட்டியது. அதில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்தன. நிறுவும் முறையோ சுருங்கிய குறிப்பாகவே இருந்தது. அவற்றை உருப்போடாமல், தாமே நிறுவிப் பார்க்க முனைந்தார் இராமானுஜன். சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், கண்ட முடிவை மட்டும் குறிப்பேட்டில் பொறிப்பார். மனம் செல்லாத பிற பாடங்கள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெல்லவில்லை.

1912 மார்ச் 1இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மேலதிகாரி நாராயண ஐயர் இரவுகளில் அவருடன் கணக்கிட்டு, அவர் தாவிச் சென்ற படிகளை விரித்துரைக்கச் செய்தார். 1914 மார்ச் 17இல் அதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே நோயுற்றிருந்தபோது, காண வந்த பேராசிரியர் ஹார்டி, தம் வாடகை வண்டியின் எண் 1729 என்றார். இரு கனங்களின் கூட்டலாக இருவகையில் அமையும் மிகச்சிறிய எண் அதுவே என்று இராமானுஜன் உடனே விளக்கினார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 வரும். இது திடீரெனத் தோன்றிய மின்னல் அன்று. முன்னரே அவர் ஆராய்ந்து குறிப்பேட்டில் பொறித்திருந்த உண்மை, வேண்டியபோது வந்து நின்றது.

1920 ஏப்ரல் 26இல், தம் 32ஆம் வயதில், அவர் சென்னையில் மறைந்தார். கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் 1993இல் இராயபுரத்தில் அவருக்கு அருங்காட்சியகம் அமைந்தது.

பொருளை எண்ணிக் கற்றதே நெடிது நிற்கும் என்பதை 1972இல் கிரெய்க், லாக்கார்ட் என்னும் உளவியலாரும் எடுத்துரைத்தனர். நம் இல்லத்துச் சிறுவர் பள்ளிப் பாடத்தையும் பக்தாமரத்தையும் பொருளறியாமல் ஒப்பிக்கக் கேட்டு நாம் மகிழ்ந்துவிடுகிறோம். தேர்வும் விழாவும் கழிந்தபின் அவை மறைந்துவிடுகின்றன. இனி, கற்றதை ஏட்டை மூடித் தம் சொல்லில் உரைக்குமாறு அவர்களைக் கேட்போம்; ஏன், எவ்வாறு என்று வினவுவோம். சுவாத்தியாயத்தின் அங்கங்களாகப் படித்தலோடு வினவுதலையும் சிந்தித்தலையும் நம் ஆசாரியர்கள் வைத்ததன் பயன் அப்போது விளங்கும்.