காலேஜில் ஃபெயில்... கணிதத்தில் மேதை! ராமானுஜன் எப்படி பயிற்சி எடுத்தார்? கோடிங் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் மாணவர்கள் பலர் கோடிங் போட்டிகளுக்குத் தயாராகி வருகிறார்கள். அல்காரிதம் எல்லாத்தையும் முதலில் படிச்சு முடிக்கணுமா, இல்ல நேரா கணக்குல இறங்கணுமா? ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் வாழ்ந்த ராமானுஜனின் கதையில் இதற்கு விடை இருக்கிறது.

திருப்பம் தந்த புத்தகம்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், வளர்ந்தது கும்பகோணத்தில். 1903-ல் ஜி.எஸ்.கார் தொகுத்த கணிதப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதில் சுமார் 5,000 சூத்திரங்கள். ஆனால் முழு விளக்கம் கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் அவரே போட்டுப் பார்த்தார். பேப்பர் வாங்க காசில்லை, ஸ்லேட்டில் எழுதி எழுதி அழித்தார்.

ஃபெயில் ஆனது எதனால்?

கணிதம் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. கும்பகோணத்தில் ஸ்காலர்ஷிப் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் ஆனார்.

1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுத, அடுத்த ஆண்டே இங்கிலாந்து பயணம்.

அல்காரிதம் எங்கே வருது?

4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? மக்மஹோன் என்ற கணித அறிஞர், முந்தைய விடைகளை வைத்து அடுத்த விடையைக் கண்டுபிடித்து, கையாலேயே 200 வரை அட்டவணை போட்டார். இன்றைய மாணவர்கள் டைனமிக் புரோகிராமிங் என்று படிப்பது இதே யோசனையைத்தான்.

ராமானுஜனும் ஹார்டியும் கண்ட சூத்திரமோ நேரடியாக விடைக்குப் போனது. சரியா என்று பார்க்க உதவியது மக்மஹோனின் அட்டவணைதான். விடை: 3,972,999,029,388. இரண்டும் பொருந்தின!

மேதையும் சறுக்கிய இடம்

பகா எண்களைப் பற்றி ஹார்டிக்கு எழுதிய சில முடிவுகள் தவறு. சின்ன எண்களுக்கு மிக நெருக்கமாகப் பொருந்திய கணக்கு, பெரிய எண்களில் அவர் நினைத்த அளவுக்கு நிற்கவில்லை. சாம்பிள் டெஸ்ட் பாஸ் ஆகி, சப்மிட் செய்ததும் தப்பு என வருமே, கிட்டத்தட்ட அதே கதைதான். நிரூபணம் ஏன் தேவை என்பதை ஹார்டியிடம்தான் கற்றார்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 மட்டுமே.

அவரது நோட்டுகளில் விடைகள் இருந்தன, வழிமுறை பெரும்பாலும் இல்லை. அதை ஒவ்வொன்றாக நிரூபித்து வெளியிட, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு 5 தொகுதிகள் தேவைப்பட்டன. கணக்கைப் போட்டதும் வழிமுறையையும் இரண்டு வரி எழுதி வைப்பது நல்லது!