செத்த கிருமி கொடுத்த சொத்து

லண்டனில் நிமோனியா கிருமியை ஆராய்ந்தவர் ஃபிரெட்ரிக் கிரிஃபித். ரொம்ப அமைதியானவராம். 1928-இல் கொல்லும் கிருமியைச் சூடாக்கிச் சாகடித்தார். அதோடு உயிருள்ள, ஆனால் கொல்லாத கிருமியைக் கலந்து எலிக்கு ஊசி போட்டார். தனித்தனியாகப் போட்டால் ஒன்றும் ஆகாது. சேர்த்துப் போட்டதும் பாவம், எலி செத்துப்போச்சு! ரத்தத்தில் கொல்லும் கிருமி உயிரோடு இருந்தது. செத்தது எழுந்து வரலை; அதன் குணத்தை உயிருள்ளது வாங்கிக்கிச்சு!

பென்சிலினும் அதே வருஷம், அதே லண்டனில்தான் கண்டுபிடித்தார்கள். இப்போ அந்த நிமோனியா கிருமி, நம்ம தொண்டைக்குள்ளேயே பக்கத்துக் கிருமிகளின் மரபணுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு பென்சிலினுக்கே அடங்காமல் போகிறது.

கிரிஃபித் இதைப் பார்க்கலை. 1941-இல் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டில் இறந்துவிட்டார். கிருமி வாங்கிய பொருள் டி.என்.ஏ. என்று தெரிந்தது 1944-இல்.