ஆபிரகாம் டி மாய்வர்

நாணயத்தைச் சுண்டின் பூ விழுமோ தலை விழுமோ என்பதை ஒருவரும் முன்னறியார். ஆயினும் பன்முறை சுண்டுங்கால் நேரக்கூடியதைக் கணித்தறியலாம். இத்துறையை வளர்த்த பேரறிஞருள் ஒருவர் ஆபிரகாம் டி மாய்வர்.

இவர் 1667-ஆம் ஆண்டு பிரான்சு தேயத்து விட்ரி என்னும் ஊரில், சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அச்சபையார்க்கிருந்த வழிபாட்டுரிமையைப் பறிக்கவே, இவர் பின்னர்த் தாய்நாடு துறந்து இலண்டன் மாநகர் புகுந்தார். ஆங்கு மாணாக்கர்க்குத் தனியே கணிதங் கற்பித்துக் காலங்கழித்தார். 1697-இல் ராயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. எனினும் பல்கலைக்கழக ஆசிரியப் பதவி இவர்க்கு வாய்த்திலது.

1718-இல் வாய்ப்புக் கணிதம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். நாணயத்தைப் பத்துமுறை சுண்டின் விளையக்கூடிய வகைகள் 1024. அவற்றுள் சரியாக ஐந்து தலை விழுவன 252. ஆகவே அதன் நிகழ்தகவு ஏறக்குறைய நான்கில் ஒன்று. இஃது ஈருறுப்புப் பரவலின் முறை. ஆயிரக்கணக்கான முறை சுண்டுங்கால் இப்பெருக்கல் மிகக் கடினமாகும். அவ்விடத்து, மணிவடிவ வளைகோட்டின் துணையால் விடையை நெருங்கிக் காணும் வழியை இவர் 1733-இல் கண்டறிந்தார். தற்செயல்களினூடே நாளடைவில் தோன்றும் ஒழுங்கினைப் படைத்தோனது திருவமைப்பென்றே இவர் கொண்டார்.

இவரை ஏதிலியாக்கிய நாட்டின் பாரிஸ் விஞ்ஞானக் கழகமே 1754-இல் இவரைத் தன் அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தது. அவ்வாண்டிலேயே, தம் 87-ஆம் வயதில், இலண்டனில் உயிர்நீத்தார். பதவியும் பொருளும் கிட்டாவிடினும் கல்வியைக் கைவிடாத இப்பெரியாரை, நாம் நிகழ்தகவுக் கணக்கு ஒவ்வொன்றையும் தீர்க்குந்தோறும் நினைத்தல் தகும்.