சமயப் பொறை போற்றிய தமிழ்த்தென்றல் திரு.வி.க.



நம் பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜோர்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மகா மாரியம்மன் ஆலயம், சீனர் வழிபடும் குவான் இன் கோயில், செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் ஆகிய நான்கும் சில நிமிட நடைத் தொலைவிற்குள் அமைந்துள்ளன. பல சமயத்தாரும் அண்டை அயலாராய் வாழும் நாடு நம் நாடு. ஆயினும், எங்கள் கடவுளே உயர்ந்தவர், உங்கள் வழிபாடு தாழ்ந்தது என்னும் பேச்சு எழுந்துவிட்டால், நேற்றுவரை ஒன்றாக விளையாடிய நண்பர்களும் முகம் திருப்பிக் கொள்கின்றனர். சமயம் பற்றி உரையாடுங்கால் பண்பு தவறாதிருப்பது எங்ஙனம்? இதனைத் தம் வாழ்க்கையினாலேயே கற்பித்த சான்றோர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவரே தமிழ்த்தென்றல் திரு.வி.க. ஆவார்.

திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம் என்பது அவர்தம் முழுப்பெயர். அதன் சுருக்கமே திரு.வி.க. அவர் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார். குடும்பம் பின்னர்ச் சென்னை இராயப்பேட்டையில் குடியேறியது. சிறுவயதில் கைகால் முடங்கும் நோய் அவரைப் பற்றியது. பள்ளிப் படிப்பும் இடையில் நின்றது. அந்நோயைத் தம் சித்த மருத்துவத்தால் தீர்த்தவர் அயோத்திதாச பண்டிதர். அவர் பௌத்த சமயத்தைத் தழுவிப் பரப்பிய அறிஞர். சைவக் குடும்பத்துச் சிறுவரை நடக்கவைத்தது அவர் தந்த மருந்து என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நலம் பெற்ற கலியாணசுந்தரனார் கிறித்தவர் நடத்திய வெஸ்லி பள்ளியில் பயின்றார். அங்குத் தமிழாசிரியராக விளங்கியவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. அவர் ஆழ்ந்த புலமையும் அழுத்தமான சைவப் பற்றும் உடையவர். ஆசிரியர்பால் மாணவர் கொண்ட அன்பு எல்லை கடந்தது. ஆசிரியர் ஏற்றதையெல்லாம் தாமும் ஏற்றார். அவர் எதிர்த்ததையெல்லாம் தாமும் எதிர்த்தார்.

அக்காலத்தில் தமிழகத்தில் பெரும் பூசல் ஒன்று நிகழ்ந்து வந்தது. வடலூர் இராமலிங்க அடிகள் பாடிய பாடல்கள் 1867ஆம் ஆண்டில் திருவருட்பா என்னும் பெயரில் வெளிவந்தன. அவற்றை அருட்பா எனல் தகுமா, தகாதா என்பதே பூசல். தகாது என்று முதலில் மறுத்தெழுந்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அடிகளும் நாவலரும் மறைந்த பின்னரும் வாதம் ஓயவில்லை. தகும் என்று பின்னாளில் மறைமலையடிகள் என வழங்கப்பெற்ற வேதாசலம் பிள்ளை நின்றார். தகாது என்று கதிரைவேற்பிள்ளை நின்றார். இரு சாராருமே சைவர். இரு சாராருமே தமிழ்ப் புலவர். கருத்து வேற்றுமையாய்த் தொடங்கியது வசைமொழியாய் வளர்ந்தது. வசைமொழி நீதிமன்றம் வரை சென்றது.

கதிரைவேற்பிள்ளையின் மீது தொடுக்கப்பெற்ற வழக்கில் சாட்சி கூறச் சென்றமையால், 1904ஆம் ஆண்டில் திரு.வி.க. தம் பள்ளித் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. அவர்தம் பள்ளிக் கல்வியும் அத்துடன் முடிந்தது. நோயால் ஒருமுறை தடைப்பட்ட படிப்பு, இம்முறை சமயப் பூசலால் அற்றுப்போயிற்று. மாணவர்களே, பண்பிழந்த வாதம் யாரையெல்லாம் வருத்தும் என்பதற்கு இஃதொரு சான்று.

இளமையின் வேகம் அவரை இன்னொரு வழியிலும் ஈர்த்தது. இராயப்பேட்டையில் பௌத்தர் கூட்டங்கள் நடைபெறும். தம்மைப் போன்ற சைவ இளைஞருடன் அங்குச் சென்று குழப்பம் விளைப்பது அவருக்கு வழக்கமாயிற்று. தம் நோய் தீர்த்த பண்டிதரின் சமயத்தையே எதிர்த்துக் கூச்சலிடுகின்றோம் என்பதை அவ்வேகம் எண்ணிப்பார்க்கவிடவில்லை.

அக்கூட்டங்களில் சொற்பொழிவாற்றியவருள் ஒருவர் வழக்கறிஞர் சிங்காரவேலர். உலகின் தோற்றம் பற்றியும், உயிர்கள் படிப்படியாக வளர்ந்த முறை பற்றியும், இங்கிலாந்து அறிஞர் டார்வினின் கொள்கை பற்றியும் அவர் விளக்கினார். கலகம் செய்யச் சென்ற இளைஞர் நாளடைவில் காதுகொடுத்துக் கேட்கலானார். பின்னர் ஐயம் கேட்டுத் தெளியலானார். பௌத்த நூல்களையும் அறிவியல் நூல்களையும் விரும்பிப் படித்தார். இதனால் அவர் சைவத்தைக் கைவிடவில்லை. இறுதி வரை முருகனைப் போற்றும் சைவராகவே வாழ்ந்தார். அவர் கைவிட்டது பகைமையை மட்டுமே.

இம்மனமாற்றம் அவர் வாழ்வு முழுவதும் பயன் தந்தது. கிறித்தவர் நடத்திய வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராய்ப் பணிபுரிந்தார். 1917ஆம் ஆண்டில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். பின்னர் 1920ஆம் ஆண்டில் நவசக்தி இதழைத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பார்சி இனத்தவராகிய பி.பி. வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவராகவும் விளங்கினர். ஆலைத் தொழிலாளருள் பல சாதியாரும் பல சமயத்தாரும் இருந்தனர். அவர்களின் ஊதியத்திற்காகவும் உரிமைக்காகவும் அவர் உழைத்தார். முன்பு எவருடைய கூட்டத்தைக் குலைக்கச் சென்றாரோ, அந்தச் சிங்காரவேலரே தொழிலாளர் இயக்கத்தில் அவருக்குத் தோழரானார்.

அருட்பாவைப் பழித்த அணியில் இளமையில் நின்ற அவர், 1929ஆம் ஆண்டில் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதி அவ்வடிகளைப் போற்றினார். முருகன் அல்லது அழகு என்னும் நூலைத் தந்த அதே கை, திருமால் அருள் வேட்டலையும் கிறிஸ்துவின் அருள் வேட்டலையும் எழுதிற்று. அனைத்துச் சமயங்களின் உள்ளீடும் ஒன்றே என்னும் கருத்தைப் பொதுமை வேட்டல் என்னும் நூலில் பாடினார்.

கடவுளை நம்பாதாரிடத்தும் அவர் இப்பண்பையே காட்டினார். 1929ஆம் ஆண்டு நம் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்த தந்தை பெரியாரை நும் பாட்டன்மார் அறிவர். அவரும் திரு.வி.க.வும் காங்கிரசில் ஒன்றாக உழைத்தவர்கள். 1925ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் இருவரும் கருத்து மாறுபட, பெரியார் காங்கிரசைவிட்டு விலகினார். கடவுள், சமயம் பற்றி இருவர்தம் கொள்கைகளும் எதிரெதிரானவை. ஆயினும் நட்பு முறியவில்லை. ஈரோட்டில் தம் விருந்தினராய்த் தங்கிய திரு.வி.க. நீராடி வந்தபோது, கடவுள் மறுப்பாளராகிய பெரியாரே திருநீறு எடுத்துக் கொடுத்தார் எனக் கூறுவர். 1948ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற இந்தி எதிர்ப்பு மாநாட்டிற்கு மறைமலையடிகள் தலைமை தாங்கினார். பெரியாரும் திரு.வி.க.வும் அம்மாநாட்டில் கலந்துகொண்டனர். இளமையில் எதிரணியில் நின்ற சைவரும், முதுமை வரை கொள்கையில் மாறுபட்ட நாத்திகரும் தமிழின் பொருட்டு அவருடன் கூடி நின்றனர்.

முதுமையில் திரு.வி.க. கண்பார்வையை இழந்தார். அந்நிலையிலும் தாம் சொல்லப் பிறர் எழுத, நூல்கள் இயற்றினார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! திரு.வி.க.வின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? தம் சமயத்தில் உறுதியாய் நிற்பது வேறு. பிறர் சமயத்தை இகழ்வது வேறு. பிறர் கூறுவதை முழுதும் கேட்ட பின்னரே மறுமொழி கூறுதல் வேண்டும். மறுக்க வேண்டுமாயின் கருத்தை மறுக்கலாம்; ஆளைப் பழித்தல் ஆகாது. வாதம் முடிந்த பின்னரும் நட்புத் தொடர வேண்டும். 1970ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற நம் ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். பள்ளிச் சபைகூடலில் நாம் ஒருமித்து உரைக்கும் இவ்விரண்டும் இணைந்தே இருத்தல் வேண்டும் என்பதையே திரு.வி.க.வின் வரலாறு காட்டுகின்றது.

நாளை உம் நண்பன் தன் வழிபாட்டைப் பற்றிப் பேசுவானாயின், குறுக்கிடாது கேளுங்கள். அறியாததை அன்புடன் வினவுங்கள். உம் வழிபாட்டைப் பற்றியும் அவனுக்கு இனிய சொற்களால் எடுத்துரையுங்கள். திரு.வி.க.வுக்கு நாம் செலுத்தும் சிறந்த வணக்கம் அதுவேயாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நல்லிணக்கம்!