ஒரு பூங்காவும் ஓர் ஆலையும்: ஓவர்டவுன் பிரபுவின் வாழ்வு

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ மாநகருக்குத் தென்கிழக்கே, கிளைட் ஆற்றை அடுத்து றதர்கிளென் என்னும் பழம்பெரும் நகர் அமைந்துள்ளது. அங்கே ஓவர்டவுன் பூங்கா என்ற பொதுப்பூங்கா உண்டு. 2000 ஆம் ஆண்டு முதல் புகலிடம் கோரி வந்தோர் குடியமர்த்தப்படும் மாநகர் கிளாஸ்கோ. ஆதலால் நம்மவர் சிலரும் அப்பூங்காவின் மரநிழலில் அமர்ந்திருக்கக்கூடும். அந்நிலத்தை நகருக்கு ஈந்தவரின் வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

ஜோன் கம்பெல் வைற் 1843 ஆம் ஆண்டு பிறந்தார். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்திலும் பணியாற்றினார். ஆனால் ஆய்வுத்துறையில் நிலைக்காது, றதர்கிளெனின் ஷோபீல்ட் பகுதியில் இயங்கிய குடும்பத்தின் இரசாயன ஆலையிற் சேர்ந்தார். 1884 இல் தந்தை மறைந்த பின்னர் பெருஞ்செல்வமும், டம்பாட்டன் அருகேயுள்ள ஓவர்டவுன் மாளிகையும் அவர் கைக்கு வந்தன.

அவ்வாலையின் முதன்மை உற்பத்தி இருகுரோமேற்று ஆகும். குரோமியத் தாதுவை அரைத்துக் காரப்பொருள்களுடன் கலந்து உலையில் வறுத்தே அது பெறப்பட்டது. சாயமிடுதல், தோல் பதனிடுதல், நிறப்பொருள் தயாரித்தல் ஆகிய தொழில்களுக்கு அது இன்றியமையாதது. பிரித்தானியாவில் இத்துறையின் மிகப்பெரிய ஆலையாக ஷோபீல்ட் விளங்கியது.

வைற் ஆழ்ந்த சமயப்பற்றாளர். டம்பாட்டனில் வேதாகம வகுப்பு நடத்தினார். கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு வாரி வழங்கினார். இன்றைய மலாவியில் உள்ள லிவிங்ஸ்ரோனியா மிஷனின் கல்விப்பணிக்கும் பேருதவி புரிந்தார். அங்கு எழுந்த கல்விக்கூடம் அவர் பெயரைத் தாங்கியது. 1893 இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. றதர்கிளென் மக்களுக்கு அவர் வழங்கிய நிலமே நாம் முன்னர் குறிப்பிட்ட பூங்கா.

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால் அவரை ஒரு வள்ளல் என்று எழுதி அமைந்திருப்போம். 1899 இல் ஷோபீல்ட் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்காகக் குரல் கொடுத்த தொழிற்கட்சி முன்னோடி கியர் ஹார்டி, ஆலையின் உள்நிலையைத் துண்டுப்பிரசுரங்கள் வாயிலாக அம்பலப்படுத்தினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. உணவு உண்ணத் தனி நேரம் இல்லை. கூலியோ மணிக்கு மூன்று நான்கு பென்சு. குரோமியத் தூசு தொழிலாளரின் தோலில் ஆறாப் புண்களை உண்டாக்கியது. மூக்கின் நடுத்தட்டை அரித்துத் துளையிட்டது. ஞாயிறு ஓய்வுநாளைக் கண்டிப்பாகப் பேண வேண்டுமென வலியுறுத்திய பிரபுவின் உலைகள் ஞாயிறன்றும் எரிந்துகொண்டிருந்தன என்பதே ஸ்கொட்லாந்து மக்களை அதிரவைத்த செய்தி. எழுந்த கண்டனத்தின் பின்னர் ஆலையிற் சில சீர்திருத்தங்கள் செய்யப்பட்டன. 1908 பெப்ரவரியிற் பிரபு காலமானார். பிள்ளைகள் இல்லாமையால் பட்டமும் அவரோடு மறைந்தது.

ஆலை 1967 இல் மூடப்பட்டது. எனினும் அது விட்டுச்சென்ற இலட்சக்கணக்கான தொன் கழிவு, கிளாஸ்கோவின் தென்கிழக்குப் பகுதியெங்கும் பழைய குழிகளிலும் தாழ்நிலங்களிலும் நிரப்பப்பட்டிருந்தது. புற்றுநோய் விளைவிக்கும் அறுவலுக் குரோமியம் அதில் உண்டு. பொதுநிதியிற் பெருந்தொகை செலவிட்டு அந்நிலங்களைத் துப்புரவாக்கும் பணி நடைபெற்று வந்துள்ளது. அவ்வாறிருந்தும் 2021 இல் அப்பகுதியின் போல்மடி ஓடை பச்சை நிறமாக மாறி மக்களை அச்சுறுத்தியது.

ஒரு நிலத்தைக் கொடையாக ஈந்தவரின் ஆலையே வேறு பல நிலங்களை நஞ்சாக்கியது. பூங்காவின் பயனை நாம் மறுக்கவில்லை. அங்கு விளையாடும் குழந்தைகளுக்கு அது மெய்யான நன்மையே. பிரபுவின் பக்தி வெறும் வேடம் என்று தீர்ப்பளிப்பதும் நம் நோக்கமன்று. ஆனால் கூலியாகக் கொடுக்கப்பட வேண்டியதைப் பிடித்துவைத்துப் பின்னர் கொடையாகக் கொடுத்தால், பெறுபவன் உரிமையாளன் என்ற நிலையிலிருந்து இரவலன் என்ற நிலைக்குத் தாழ்த்தப்படுகிறான்.

புலம்பெயர்ந்த நாடுகளில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவுபகலாக உழைப்போர் நம்மிடையே ஏராளம். அவர்களை வேலைக்கு அமர்த்தும் நிலைக்கு உயர்ந்தோரும் நம்மிடையே உளர். கோயிலுக்கும் பள்ளிக்கும் வழங்குவோரை நாம் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம், அது தகும். அவரிடம் வேலை செய்பவர் உரிய கூலியும் ஓய்வும் பெறுகின்றனரா என்று கேட்கும் வழக்கத்தையும் நாம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.