மணலைப் பிரித்தறிந்த வெல்ஸ்பாக்

மின்வாகன மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய வலிமைமிக்க காந்தங்களின் அடிப்படை, நியோடிமியம். அரிய மண் தனிமங்களுக்காக நாடுகள் போட்டியிடும் இக்காலத்தில், அதைக் கண்டறிந்த கார்ல் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக்கின் வாழ்க்கையைப் பொருளியல் மாணவர்களும் அறிய வேண்டும் என்பது என் கருத்து.

1858-இல் வியன்னாவில் பிறந்த அவர், ஹைடல்பெர்க்கில் ராபர்ட் புன்சனிடம் வேதியியல் பயின்றார். 1841-இல் மொசாண்டர் தனிமமாக அறிவித்திருந்த டிடிமியத்தின் மீது அறிஞர்களுக்கு அப்போது ஐயம் எழுந்திருந்தது. வெல்ஸ்பாக் அதன் உப்பைக் கரைப்பதும் படிகமாக்குவதுமாகச் சலியாது உழைத்தார். 1885-இல் அது இரண்டாகப் பிரிந்தது. பச்சை உப்பைத் தந்தது பிரசியோடிமியம். இளஞ்சிவப்பு உப்பைத் தந்தது நியோடிமியம். வெள்ளிபோல் மின்னி, காற்றுப் பட்டதும் மங்கும் நியோடிமியத்தின் அணு எண் 60. வேதிப் பண்புகளில் அதன் அண்டைத் தனிமங்கள் அதனை மிகவும் ஒத்திருப்பதே பிரித்தலைக் கடினமாக்குகிறது.

அதே ஆண்டில் எரிவாயு விளக்குக்கான மேண்டிலுக்கும் அவர் காப்புரிமை பெற்றார். பசுமை கலந்த ஒளியும் எளிதில் நொறுங்கும் தன்மையும் அதனைச் சந்தையில் தோற்கச் செய்தன. மனம் தளராத அவர், 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்ட புதிய மேண்டிலை 1891-இல் உருவாக்கினார். நம் ஊர்த் திருவிழாக்களில் ஒளிர்ந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அதன் வழிவந்ததே.

தோரியத்தை எடுத்தபின் மோனசைட் மணலில் எஞ்சிய சீரியம் வீணாய்க் குவிந்தது. அதனுடன் இரும்பைச் சேர்த்து, சிகரெட் லைட்டரில் தீப்பொறி எழுப்பும் கல்லை 1903-இல் படைத்தார். கழிவு என்பது இன்னும் பயன் அறியப்படாத பொருளே என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1907-இல் டிரைபாக்கில் அவர் நிறுவிய தொழில் அவருக்குப் பின்னும் நிலைத்தது. 1929-இல் அவர் மறைந்தார்.

மேண்டிலின் தோரியத் தேவை நம் கரையையும் தொட்டது. திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சியிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார். மணல் கப்பலேறியது. மணல் நம்முடையது, பிரிக்கும் அறிவோ அவர்களுடையது. பெரும்பங்கு ஆதாயம் அறிவுள்ள இடத்தையே சேரும்.

மணல் அள்ளும் உரிமங்களைப் பற்றியே இன்றும் அதிகம் பேசுகிறோம். பிரித்தெடுக்கும் ஆய்வகங்களுக்கும், இடையில் நேரும் தோல்விகளைப் பொறுக்கும் நீண்டகால நிதிக்கும் முன்னுரிமை அளிப்பதே அறிவார்ந்த கொள்கையாகும்.